ஹூசாவிக்கில் திமிங்கிலம் பார்க்க: என் ஓட்டு மரப்படகுக்கே

ஐஸ்லாந்து போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். திமிங்கிலம் பார்க்க ரெய்க்யவிக்கிலேயே ஏறிவிடலாமா, வடக்கே ஹூசாவிக் வரை போகணுமா? போனால் மரப்படகா, வேகப்படகா? ஜூலை ஆரம்பத்தில் ஒரே நாளில் காலையில் மரப்படகிலும் மாலையில் வேகப்படகிலும் போய் வந்தவள் என்பதால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. அவசரக்காரர்களுக்கு: ஹூசாவிக் போங்கள், மரப்படகில் ஏறுங்கள், மிச்சமாகும் காசில் அங்கேயே இருக்கும் திமிங்கில அருங்காட்சியகத்தைப் பாருங்கள். நேரம் இருப்பவர்கள் மேலே படியுங்கள்.

போனது நாலு பேர். நான், கணவர், பன்னிரண்டு வயது மகள், எழுபதைத் தாண்டிய என் மாமனார். மாமாவுக்கு இரண்டு முழங்காலும் தகராறு, சர்க்கரையும் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இணையத்தில் இருக்கும் பாதி விமர்சனங்கள் இருபத்தைந்து வயதுக்காரர்கள் எழுதியவை. படகில் கழிவறை இருக்கிறதா என்பதை அவர்கள் யாரும் எழுதுவதில்லை. மரப்படகில் இருக்கிறது. வேகப்படகில் இல்லை. எங்கள் வீட்டில் பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

ரெய்க்யவிக்கிலிருந்து ஹூசாவிக் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். முந்தைய இரவு அக்குரேரியில் தங்கினால் காலையில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். வழியில் ஏழரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப் பாதை வரும். அதற்குச் சுங்கம் உண்டு, ஆனால் சாவடி கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும், நாம் இணையத்தில் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வாடகைக் கார்க்காரர் தன் பங்குக்கும் சேர்த்துப் பில் அனுப்புவார். கட்ட மனமில்லை என்றால் மலையைச் சுற்றிப் போகும் பழைய சாலை இருக்கிறது. எந்தப் பாதையில் வந்தாலும் வழியை ஒட்டிக் கோதாஃபோஸ் அருவி இருக்கிறது. இறங்கிப் பாருங்கள், ஏனென்றால் அந்த ஆறு கடைசியில் கலப்பது நீங்கள் படகேறப் போகும் வளைகுடாவில்தான்.

அந்த வளைகுடாவுக்கு ஸ்கியால்ஃபாண்டி என்று பெயர். இரண்டு ஆறுகள் உள்ளே இருந்து சத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கோடையில் வெளிச்சம் அணைவதே இல்லை. இரண்டும் சேர்ந்தால் கடலில் மிதக்கும் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னக் கிரில் என்ற இறால் மாதிரியான சின்ன உயிரியும் கேப்பலின் என்ற பொடிமீனும் வரும், அதைத் தின்ன ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் வரும். இவை குளிர்காலத்தில் கரீபியன் பக்கமும் கேப் வெர்டே தீவுகள் பக்கமும் போய்க் குட்டி போடுபவை. அங்கே இருக்கிற மாதக்கணக்கில் அனேகமாகச் சாப்பாடே கிடையாது. ஆக, ஹூசாவிக்கில் நாம் பார்ப்பது அவற்றின் பந்தி நேரம். இது தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது. சுவரொட்டியில் இருப்பதுபோல் மொத்த உடம்பும் தண்ணீரை விட்டு எகிறும் என்று காத்திருந்த ஒரு குடும்பம் எங்கள் படகில் இருந்தது. மூன்று மணி நேரமும் முகம் தூக்கியே வந்தார்கள். சாப்பிடுகிறவன் எதற்கு எகிறிக் குதிப்பான்?

ஊர் சின்னது. மரத்தால் ஆன 1907-ஆம் வருடத்துத் தேவாலயம் ஒன்று மேட்டில் நிற்கிறது, அதற்கு நேர் கீழே துறைமுகம், எதிரே டிக்கெட் கூண்டுகள். எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நல்லது கெட்டது இரண்டும் எழுதப் போகிறேன். மரப்படகுக்குத் தலைக்குப் பன்னிரண்டாயிரம் குரோனாவை ஒட்டி ஆயிற்று. சிறுவர்களுக்குக் குறைவு. வேகப்படகுக்கு இருபதாயிரத்தைத் தாண்டியது. திமிங்கிலமே கண்ணில் படாவிட்டால் இன்னொரு முறை இலவசமாக அழைத்துப் போவார்கள், பணம் திரும்ப வராது. அடுத்த நாள் ஊரை விட்டுக் கிளம்புகிறவருக்கு அந்த இலவசத்தால் என்ன பிரயோசனம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் காலைப் படகில் ஏறச் சொல்கிறேன். ஒன்றும் தெரியவில்லை என்றால் அன்று மாலையே இன்னொரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

மரப்படகு என்றால் முன்பு மீன்பிடித்துக்கொண்டிருந்த ஓக் மரப் படகு. பழுது பார்த்து, பலகைக்கு எண்ணெய் பூசி, பெஞ்சு போட்டிருக்கிறார்கள். 2015 முதல் மின்மோட்டாரிலும் ஓடக்கூடிய பாய்மரக் கப்பல் ஒன்றும் இதே துறையில் இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது டீசல். பின்பக்கம் உட்கார்ந்தால் புகை கொஞ்சம் மூக்கில் ஏறும். ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் தலைமுதல் கால்வரை மூடும் தடித்த ஓவரால் தருகிறார்கள். மாமா மறுத்துவிட்டார்.

"ஸ்வெட்டர் இருக்கும்மா, போதும். இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி நடக்கிறது?"

"மாமா, கரையிலதான் போதும். நடுக்கடல்ல காத்து வேற மாதிரி இருக்கும். போட்டுக்குங்க."

"தாத்தா, உங்களுக்கு நான் ஜிப் போட்டு விடறேன்," என்று மகள் முந்திக்கொண்டாள். பேத்தி சொன்னால் மறு பேச்சு ஏது. துறைமுகச் சுவரைத் தாண்டிய ஐந்தாவது நிமிடம் மனிதர் தொப்பியையும் இழுத்துக் காதை மூடிக்கொண்டார். கரையில் பன்னிரண்டு டிகிரி இருந்திருக்கும். கடல் காற்றில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கையுறை மட்டும் அவர்கள் தருவதில்லை, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே கம்பளி, மேலே அவர்களுடைய ஓவரால், அது போதும். கடைக்குப் போய் விலையுயர்ந்த ஜாக்கெட் வாங்க வேண்டாம்.

முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஃபுல்மார் பறவைகள் இறக்கையை அசைக்காமல் படகோடு கூடவே வந்தன. பஃபின்கள் தண்ணீரை ஒட்டி, விழுந்துவிடுமோ என்று நாம் பயப்படும் அளவுக்குப் படபடவென்று இறக்கை அடித்துப் பறந்தன. மேற்கே பனி ஒட்டிய மலைவரிசை. வழிகாட்டி ஒரு இளம்பெண், கடலுயிரியல் படித்தவர். படகின் மூக்கு பன்னிரண்டு மணி, பின்பக்கம் ஆறு மணி, நான் மணி சொன்னால் அந்தப் பக்கம் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். இதில் எனக்குப் பிடித்தது அவர் பொழுதை ஓட்டுவதற்காகப் பேசவில்லை என்பது. யாரோ ஒருவர் திமிங்கிலம் ஏன் வாலை அடிக்கிறது என்று கேட்டதற்கு, இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, இரண்டு மூன்று விளக்கம் இருக்கிறது என்று சொல்லி அவற்றைச் சொன்னார். அந்தப் பதிலுக்கே பாதி டிக்கெட் காசைக் கொடுக்கலாம்.

"இரண்டு மணி!" என்றார். தூரத்தில் வெள்ளையாக ஒரு புகை எழும்பிக் கலைந்தது. படகோட்டி வேகத்தைக் கூட்டவில்லை. சுற்றி வளைத்துப் பக்கவாட்டில் கொண்டுபோய், எஞ்சினைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். இந்த இடத்தைத்தான் எல்லா விமர்சனங்களும் விட்டுவிடுகின்றன. எஞ்சின் அடங்கினால்தான் மூச்சு காதில் விழும். டிப்போவில் வந்து நிற்கும் அரசுப் பேருந்து ஏர் பிரேக்கை விடுமே, அந்தப் புஸ்ஸென்ற பெருமூச்சு, ஆனால் அதைவிட நீளமாக, ஈரமாக.

அது படகுக்கு அருகே வந்தது தானாகத்தான். முதலில் தண்ணீருக்கடியில் பச்சையாக ஏதோ ஒளிர்ந்தது. அது அதன் பக்கத்துடுப்பு. வெள்ளை நிறம், தண்ணீர் வழியே பார்க்கும்போது பச்சையாகத் தெரிகிறது. உடம்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தத் துடுப்பே இருக்குமாம். பிறகு தலை. தலை முழுக்கக் கொழுக்கட்டை உருட்டிய அளவில் புடைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒற்றை முடி இருக்கும் என்றார் வழிகாட்டி. முடி என் கண்ணுக்குத் தெரியவில்லை, புடைப்புகள் நன்றாகத் தெரிந்தன. உச்சியில் இரண்டு மூக்குத் துளைகள் திறந்து, மூச்சை விட்டு, இழுத்து, இறுக மூடிக்கொண்டன. அந்த மூச்சின் தூறல் எங்கள் மேல் வந்து விழுந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். அழுகிய மீன். மாமா கைக்குட்டையை எடுத்தார், மூக்கை மூட அல்ல, கண்ணாடியைத் துடைக்க. துடைத்துவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தார்.

முதுகு வளைந்தது, வால் மேலே எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போனது. போன இடத்தில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழவென்று ஒரு வட்டமாகக் கொஞ்ச நேரம் கிடந்தது. வாலின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. அதைப் படம் எடுத்துத்தான் எது யார் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு ஹூசாவிக்கில் ஒரு ஆய்வு மையம் இருக்கிறது. சுற்றுலாப் படகுகளில் எடுக்கும் வால் படங்கள் அங்கே உதவுகின்றன. வழிகாட்டி கழுத்தில் தொங்கிய பெரிய கேமரா நம்மைப் படம் எடுக்க அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

வால் போனால் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். எல்லோரும் கைபேசியில் படம் சரியாக வந்ததா என்று பார்க்கும் நேரம் அது. அதற்குள் அது வேறு பக்கம் எழும். படம் எடுக்கும் ஆசை இருந்தால் முதல் இரண்டு மூச்சை எடுத்துவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். என் கணவர் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் பெரும்பாலானவை கடல், வெறும் கடல்.

மிங்கித் திமிங்கிலம் ஒன்றும் தலைகாட்டியது. அது வாலைத் தூக்குவதில்லை. கறுப்பாக ஒரு முதுகு, கொக்கி மாதிரி ஒரு துடுப்பு, அவ்வளவுதான். வெள்ளை மூக்கு டால்பின்கள் படகின் மூக்குக்கு முன்னால் வந்து கொஞ்ச நேரம் கூடவே நீந்தின. மகளுக்கு டால்பின்தான் பிடித்தது. மாமாவுக்கு அந்த நாற்றம் பிடித்த ஹம்ப்பேக்.

திரும்பும் வழியில் சூடான சாக்லேட்டும் பட்டை போட்ட பன்னும் கொடுத்தார்கள். பன் அருமை. சாக்லேட் வெறும் பொடியைச் சுடுதண்ணீரில் கலக்கியது, ஆனால் விரல் மரத்துப்போன நேரத்தில் யார் குறை சொல்வார்கள்? மாமா சர்க்கரை இல்லாமல் ஏதாவது உண்டா என்று கேட்க, வெந்நீர் கிடைத்தது. சர்க்கரை உள்ளவர்கள் கையோடு ஏதாவது எடுத்துப் போங்கள்.

மதியம் அருங்காட்சியகம். பழைய இறைச்சிக்கூடத்தில் இருக்கிறது. 2010-இல் ஐஸ்லாந்தின் வட கரையில் செத்து ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை முழுசாக வைத்திருக்கிறார்கள், சுமார் இருபத்தைந்து மீட்டர். தலைமாட்டிலிருந்து வால்வரை மெதுவாக நடந்து பாருங்கள். துடுப்புக்குள் நம் கை மாதிரியே விரல் எலும்புகள் இருப்பதை மகள்தான் முதலில் கவனித்தாள். வேட்டை பற்றியும் ஒளிக்காமல் காட்டுகிறார்கள். ஐஸ்லாந்து 2006-இல் வணிக ரீதியான திமிங்கில வேட்டையை மறுபடி ஆரம்பித்த நாடு. 2023 கோடையில், விலங்குகள் படும் வேதனையைக் காரணம் காட்டி, அமைச்சர் ஆகஸ்ட் கடைசிவரை நிறுத்திவைத்தார். அந்த நாட்டு உணவகங்கள் சிலவற்றின் பட்டியலில் திமிங்கில இறைச்சி இருக்கும். அதைத் தின்று பார்ப்பதில் கணிசமானவர்கள் சுற்றுலாப் பயணிகள்தான். காலையில் பார்த்து வாய் பிளந்துவிட்டு இரவு அதையே தட்டில் கேட்பவர்களை என்ன சொல்வது. படகு நிறுவனங்களே இதை எதிர்த்துப் பிரசாரம் செய்கின்றன.

மாலையில் நானும் மகளும் வேகப்படகு. விளிம்பில் காற்றுக் குழாய் கட்டிய ரிப் படகு. குதிரைமேல் உட்காருவதுபோல் கால் இரண்டு பக்கமும் போட்டு உட்கார வேண்டும், முன்னால் பிடிக்கக் கைப்பிடி, கண்ணுக்குக் கண்ணாடி. முதுகுவலிக்காரர்களையும் கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் ஏற்றுவதில்லை, நியாயம்தான். ஒவ்வொரு அலைக்கும் இருக்கை எழும்பி இடுப்பில் இடித்தது. ஸ்பிரிங் வைத்த இருக்கை என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள், ஸ்பிரிங்குக்கும் ஒரு எல்லை உண்டல்லவா.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பஃபின் கூடு கட்டும் லுன்டே தீவுக்கு மிக அருகில் போனோம், மரப்படகு அந்தப் பக்கம் போகவில்லை. தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் திமிங்கிலம் பக்கத்தில் வந்தால் அதன் உயரம் நம் தலைக்கு மேல் தெரியும். வளைகுடாவின் வாய்வரை பறந்து போய் நீலத் திமிங்கிலம் தேட முடிந்தது. கிடைக்கவில்லை, அது ஜூனில்தான் அதிகம் தென்படுமாம். மகளுக்கு வேகமே கொண்டாட்டம், கத்திக்கொண்டே வந்தாள். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

கெட்டது இதுதான். ஒரே ஒரு ஹம்ப்பேக்கைச் சுற்றி மூன்று படகுகள் இருந்தன. எங்களுடையது நாலாவது. அது முங்கியதும் எழும் திசையை ஊகித்து, எங்கள் ஓட்டுநர் விசையைக் கூட்டி முன்னால் போய் நின்றார். அது எழுந்தது, படகைப் பார்த்துத் திசையை மாற்றியது, எங்கள் படகும் மாற்றியது. மறுபடி இதே கூத்து. அங்குள்ள படகு நிறுவனங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட நடத்தை விதிகள் இருக்கின்றன: அருகில் போனால் வேகத்தைக் குறை, துரத்தாதே, வளைத்து மடக்காதே, வரிசை காத்திரு. காலையில் ஒரு மரப்படகு, இன்னொன்றுக்கு இடம் விட்டு ஒதுங்கியதை நானே பார்த்தேன். மாலையில் அந்த விதி தூங்கிவிட்டது. வழிகாட்டி என்ன விளக்கினார் என்பதும் எஞ்சின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கிட்டத்தட்ட இரட்டிப்புக் காசு கொடுத்து, இரண்டு மடங்கு திமிங்கிலம் பார்க்கவில்லை. ஒரே திமிங்கிலத்தை இரண்டு மடங்கு தொந்தரவு செய்தோம் என்பது என் கணக்கு. எல்லா வேகப்படகும் இப்படி என்று சொல்ல மாட்டேன். முன்பதிவுக்கு முன் "வேறு படகு இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலின் தொனியே சொல்லிவிடும்.

நாங்கள் இடுப்பொடிந்து கொண்டிருந்த நேரத்தில் மாமாவும் கணவரும் ஜியோசீயில் வெந்நீரில் கிடந்தார்கள். பூமிக்கடியில் சூடான கடல்நீரை எடுத்து நிரப்பும் குளம், 2018-இல் திறந்தது. குன்றின் விளிம்பில் இருக்கிறது, எதிரே வளைகுடா முழுக்கத் தெரியும். ஐஸ்லாந்து குளங்களில் உள்ளே இறங்கும் முன் ஆடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். மாமா அதற்கு முதலில் ஒப்பவில்லை என்றும், பிறகு "இவனுங்களுக்கே வெக்கம் இல்லாதப்ப எனக்கென்ன" என்று போய்விட்டார் என்றும் கணவர் சொல்லிச் சிரித்தார். கழுத்தளவு வெந்நீரில் நின்றபடி தூரத்தில் இரண்டு முறை மூச்சுப் புகையைப் பார்த்ததாக மாமா சத்தியம் செய்கிறார். இருபதாயிரம் குரோனா மிச்சம் என்று அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குமட்டல் பற்றிக் கேட்பவர்களுக்கு: மாத்திரையைப் படகில் ஏறியபின் போட்டால் பலனில்லை, ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. படகின் நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். கீழே அறைக்குள் போய்ப் படுத்தவர்கள்தான் எங்கள் படகில் வாளியைக் கேட்டார்கள். காற்று பலமாக இருந்தால் பயணத்தையே ரத்து செய்வார்கள், அப்போது காசு திரும்பி வரும்.

பஃபின் வேண்டும் என்றால் ஆகஸ்ட் நடுவுக்குள் போய்விடுங்கள், அதற்குப்பின் அவை கடலுக்குக் கிளம்பிவிடும். கோடையில் விடுமுறை கிடைக்காதவர்களுக்கு வடக்கு நார்வே இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை ஹெர்ரிங் மீனைத் துரத்திக்கொண்டு ஓர்கா என்ற கொலைத் திமிங்கிலங்களும் ஹம்ப்பேக்குகளும் அங்குள்ள ஷெர்வாய் பக்கம் வரும். ஆனால் பகலே இல்லாத மாதங்கள் அவை, வெளிச்சம் மதியத்தைச் சுற்றிச் சில மணி நேரம்தான், குளிரும் வேறு ரகம். மாமாவை அங்கே கூட்டிப்போக நான் தயாரில்லை. அவர் தயாராக இருக்கிறார்.

மரப்படகுக்கு ஐந்துக்கு நாலரை, அரை குறைத்தது அந்தச் சாக்லேட்டுக்காக. வேகப்படகுக்கு இரண்டரை, அதில் ஒன்று பஃபின் தீவுக்கு.